கொண்டல்துறையின் வெறுங்கூண்டு

அந்தக் காலத்தில், பறவைகளும் மனிதர்களும் ஒரே மொழியில் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, கீழைக் கடற்கரையில் கொண்டல்துறை என்றொரு துறைமுகம் இருந்தது. துறைமுகம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். கடலுக்குள் நீண்டு கிடந்த ஒரு மணல்திட்டு, அதன் ஒதுக்கில் கட்டிப்போட்ட படகுகள், கரைமேட்டில் கல்லால் கட்டிய உப்புக்கிடங்கு, அதைச் சுற்றி ஓலை வேய்ந்த வீடுகள். அவ்வளவுதான். மணல்திட்டின் முனையில் மட்டும் ஒரு நெடுங்கம்பம் நின்றது. அதன் உச்சியில் ஒரு குறுக்குக்கட்டை, கட்டையில் ஒரு கப்பி, கப்பியில் ஒரு கயிறு. பொழுது சாயும்போது தீச்சட்டியைக் கயிற்றில் கட்டி மேலே ஏற்றுவார்கள். கடலில் இருக்கிறவர்கள் அதைப் பார்த்துக் கரை சேர்வார்கள்.

ஏற்றுவார்கள் என்று பன்மையில் சொல்வது மரியாதைக்காக. உண்மையில் ஒரே ஆள்தான். அவன் பெயர் இருளப்பன். வெளிச்சம் ஏற்றுகிறவனுக்கு அப்படியொரு பெயர் எதற்கு என்று வைத்தவர்களைத்தான் கேட்க வேண்டும். அவர்கள் யாரும் அப்போது உயிரோடு இல்லை.

கம்பத்தடியில் அவனுக்கு ஒரு குடிசை இருந்தது. அங்கிருந்து பார்த்தால் ஊரின் அடுப்புப் புகை தெரியும், பேச்சுக் கேட்காது. ஓதம் ஏறினால் திட்டுக்கும் ஊருக்கும் நடுவே தண்ணீர் வந்துவிடும். ஓதம் வடியும் வேளைகளில் சடைச்சி என்ற கருவாட்டுக்காரி, ஊர்ப் பங்கான அரிசியையும் கருவாட்டையும் கொண்டுவந்து போடுவாள். அவள் கணவனும் தம்பியும் கடலுக்குப் போகிறவர்கள். அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம்.

“அண்ணே, இந்தக் கம்பத்துக்கே ஒரு தாலியைக் கட்டிருங்களேன். நெட்டையா இருக்கு, வாயும் பேசாது. உங்களுக்குத் தோதா இருக்கும்.”

“நீ பேசுறதுக்கே எனக்கு ஒரு வாரம் காது வலிக்குது, தாயி.”

“வலிக்கட்டும். அது இருக்குன்னாவது தெரியும்ல.”

அவள் போன பிறகு அவன் அந்தப் பேச்சைத் திருப்பித் திருப்பி நினைத்துக்கொள்வான். அடுத்த முறை அவள் வரும்வரை அது ஓடும். சில வேளை ஓடாது. அப்போது தீச்சட்டியோடு பேசுவான்.

அப்படியிருக்கையில் ஒரு கார்காலத்தில், கம்பத்தின் குறுக்குக்கட்டையில் ஓர் ஆலா வந்து உட்கார்ந்தது. முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை, நெற்றியில் திருநீறு பூசியதுபோல ஒரு பட்டை. ஓயாமல் அலைகிறவனைப் பார்த்து “ஆலாய்ப் பறக்கிறான்” என்று இன்றும் சொல்கிறோம். சொல்கிறவர்களில் பாதிப் பேர் ஆலாவைப் பார்த்ததில்லை. அது பறப்பது பேராசையால் அல்ல. தண்ணீரில் உட்கார்ந்தால் அதன் இறகு நனைந்துவிடும். கரையில் உட்கார்ந்தால் ஆட்கள் கிளிஞ்சலை எடுத்து எறிவார்கள். உட்கார இடமில்லாத எவரும் பறந்துகொண்டுதான் இருக்க வேண்டும்.

இருளப்பனும் எறியத்தான் கிளிஞ்சலை எடுத்தான்.

“எறியிறதுன்னா சீக்கிரம் எறி. எனக்குத் தூக்கம் வருது” என்றது ஆலா.

அவன் கிளிஞ்சலைக் கீழே போட்டான். தன்னிடம் ஒருவர், அரிசிப் பையை வைத்துவிட்டுத் திரும்பும் அவசரம் இல்லாமல் பேசி எவ்வளவு காலம் ஆயிற்று என்று அவனுக்கு நினைவு வரவில்லை.

“எங்கேயிருந்து வர்றே?” என்று கேட்டான்.

“புயலுக்குள்ள இருந்து.”

“பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும்.”

“நம்பாட்டிப் போ. வழியில கிடந்தேன், இழுத்துக்கிட்டான். தலை கிறுகிறுன்னு வருது. ‘கொஞ்சம் நில்லுடா, வாந்தி வருது’ன்னு கத்தினேன். அவன்கிட்ட இதுக்கு முன்னாடி யாரும் பேசினதே இல்லையாம். திகைச்சுப் போயிட்டான். ‘சுத்துறதை நிறுத்தினா செத்துப் போயிருவேனே’ன்னான். ‘அப்ப எனக்காக நடுவுல மட்டும் நிறுத்து’ன்னேன். நிறுத்தினான்.”

புயலுக்குக் கண் வந்தது அப்படித்தான். ஆலா உட்காருவதற்காக அவன் தன் நடுவில் விட்ட இடம் அது.

“உள்ளே எப்படி இருக்கும்?” என்றான் இருளப்பன்.

“வெயில் அடிக்கும். மேலே பார்த்தா வட்டமா நீல வானம். சுத்திலும் மதில் கட்டின மாதிரி மேகம். மதிலுக்கு அந்தப் பக்கம் உலகமே இடியுது, உள்ளே ஒரு இறகுகூட அசையாது. பாவம், அவனுக்குத்தான் பேச ஆளில்லை. யாரைப் பார்க்கக் கிட்டப் போனாலும் விழுந்துர்றாங்க. மரம் விழுது, வீடு விழுது. ‘ஒரு தென்னையாவது நின்னு என்ன சேதின்னு கேட்டிருக்கா?’ன்னு என்கிட்டக் கேக்குறான். நான் என்னத்தைச் சொல்ல?”

இருளப்பன் தன் குடிசையைப் பார்த்தான். அதற்கும் நாலு பக்கம் மதில் உண்டு. நடுவில் ஓர் ஆள் உண்டு. 

அதன்பிறகு ஒவ்வொரு கார்காலத்திலும் ஆலா வந்து போயிற்று. கடல் எங்கே சூடேறுகிறதோ அங்கே புயல் பிறப்பான். ஆலா அவனைத் தேடிப் போய் நடுவில் உட்கார்ந்து பேசும். எந்தப் பக்கம் போகிறாய் என்று கேட்கும். கேட்டுக்கொண்டு கம்பத்துக்குப் பறந்துவந்து இருளப்பனிடம் சொல்லும். அவன் சங்கை எடுத்து ஊதுவான். ஊரார் படகுகளை மேட்டில் ஏற்றிக் கட்டிவிட்டு, அரிசி பருப்போடு உப்புக்கிடங்குக்குள் போய் உட்கார்ந்துகொள்வார்கள். மனிதர்கள் புயலை முன்கூட்டியே அறிந்துகொண்டது அதுதான் முதல் தடவை. அதில் பிழை வந்ததும் அதே தடவைதான்.

ஏனென்றால், போகுமிடம் புயலுக்கே சரியாகத் தெரியாது. சூடான தண்ணீர் தெற்கே கிடந்தால் தெற்கே ஒதுங்குவான். மேலே அடிக்கிற காற்று வடக்கே தள்ளினால் வடக்கே போவான். “கொண்டல்துறைக்குத்தான் வர்றேன்” என்று மனதாரச் சொல்லியிருப்பான். மறுநாள் வேறெங்கோ நின்றுகொண்டிருப்பான். அந்த முறை ஊரே கூரையை இழுத்துக் கட்டிவிட்டுக் கிடங்கில் காத்திருக்க, வெளியே சுள்ளென்று வெயில் அடித்தது. கடலில் மீன் துள்ளி விளையாடியது கிடங்கின் சன்னல் வழியாகவே தெரிந்தது. எல்லாரும் மணல்திட்டுக்கு வந்து இருளப்பனைத் திட்டினார்கள். புயல் வராததற்காக ஓர் ஊர் ஒரு மனிதனைத் திட்டியது அதுவே முதல் முறை. கடைசி முறை அல்ல.

இன்னொரு முறை, ஆலா தாமதமாக வந்தது. புயலோடு பேசிக்கொண்டே இருந்துவிட்டது. ஆட்கள் தப்பினார்கள், காயப்போட்ட வலைகள் போயின.

அத்தோடு ஊர்த் தலைவர் காத்தமுத்து நாட்டார் பொறுமை இழந்தார். நல்ல மனிதர். எதையும் ஒழுங்குபடுத்தாமல் அவருக்குத் தூக்கம் வராது. ஓதம் வடிந்த ஒரு காலையில் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றில் நடந்து கம்பத்தடிக்கு வந்தார்.

“இருளப்பா, உன் பறவையைப் பத்திப் பேசணும். அது சொன்னா இந்தப் புயல் வரமாட்டேங்குறான். இவன் வந்தா அது சொல்லமாட்டேங்குது. இப்படியே போனா ஊர் என்ன ஆகுறது?”

“அது பாவம், போய்ப் பார்த்துட்டு வரணும்ல நாட்டாரே. தூரம்.”

“அதைத்தான் சொல்றேன். தூரம் போகவிட்டாத்தானே தாமதம் ஆகுது? வைத்தியன் பக்கத்து வீட்டுல இருந்தா நல்லதா, அசலூர்ல இருந்தா நல்லதா?”

“பக்கத்து வீட்டுலதான்.”

“ஆங்! அதை இங்கேயே பிடிச்சு வச்சுக்க. ஒரு கூண்டு பின்னு. கேட்ட நேரத்துக்குக் கேட்டுக்கலாம். இனி அது எங்கேயும் போக வேண்டாம். இங்கேயே இருக்கட்டும், உனக்கும் பேச்சுத் துணையாச்சு.”

ஆலாவுக்குப் புயலின் சேதி தெரிவது அது போய்ப் பார்ப்பதால்தான். போகாவிட்டால் என்ன தெரியும்? இந்தக் கேள்வி இருளப்பனின் நாக்கு நுனிவரை வந்தது. அவன் கேட்டிருந்தால் நாட்டார் சற்று யோசித்திருப்பார். அவர் முட்டாள் அல்ல. ஆனால் அதற்குள் அவர் சொன்ன இன்னொரு சொல் இருளப்பனின் காதுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. இங்கேயே இருக்கட்டும். அவன் கேள்வியை விழுங்கினான்.

“சரிங்க நாட்டாரே” என்றான்.

கொண்டல்துறையில் யாருக்கும் பறவைக்கூண்டு பின்னத் தெரியாது. அவர்களுக்குக் கைவந்த பின்னல் ஒன்றுதான்: மீன் பிடிக்கிற பறி. வாய் அகன்றிருக்கும், உள்ளே போகப் போகக் குறுகும், பிரம்பு முனைகள் உட்புறம் பார்த்து நிற்கும். போகிற மீனை வழுவழுவென்று விட்டுவிடும். திரும்புகிற மீனைக் குத்தும். இருளப்பன் அதையே முழங்காலளவு உயரத்தில் உருண்டையாகப் பின்னினான். இரண்டு பகல் உட்கார்ந்து, நார் தெரியாமல் இழுத்து, அழகாகப் பின்னினான். கதவு என்று ஒன்று வைக்கவில்லை. பறிக்கு யார் கதவு வைப்பார்கள்?

பிற்பகலில் ஆலா வந்தது.

“இது என்ன, புது வீடா?”

“கம்பத்துல வெயில் அடிக்குதேன்னு பின்னினேன். உள்ளே நெத்திலி வச்சிருக்கேன் பாரு.”

“அடேயப்பா. மாப்பிள்ளை விருந்து மாதிரியில்ல இருக்கு!”

ஆலா சிரித்துக்கொண்டே உள்ளே போயிற்று. நெத்திலியைத் தின்றது. அலகைப் பிரம்பில் துடைத்துக்கொண்டது. பிறகு திரும்பியது, முனைகள் நெஞ்சில் குத்தின. மறுபடி திரும்பிப் பார்த்தது.

“இருளப்பா, வழி எங்கே?”

அவன் தீச்சட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

“உன்னைத்தான் கேக்குறேன். வழி எங்கே?”

“இங்கேயே இருந்துக்கயேன்” என்றான் அவன். “உனக்கு என்ன குறை? நெத்திலி தர்றேன். கிளிஞ்சல் எறிய ஒருத்தனையும் விடமாட்டேன்.”

ஆலா அவனை வெகுநேரம் பார்த்தது. பிறகு கடல் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டது.

முதலில் சில நாட்கள் இருளப்பன் சந்தோஷமாகத்தான் இருந்தான். காலையில் எழுந்ததும் “என்ன ஆலா, தூக்கம் எப்படி?” என்று கேட்பான். “நல்ல தூக்கம்” என்று பதில் வரும். “நெத்திலி எப்படி?” “நல்லா இருக்கு.” விருந்தாளிகள் பேசுவதுபோல அது பேசியது. கேட்டதற்குச் சொல்லும், கேளாததைச் சொல்லாது. முன்பெல்லாம் மழைமேகம் எப்படிக் கோபித்துக்கொள்ளும், சுறா எப்படிப் பொய் சொல்லும் என்று கேட்காமலே சொல்லிச் சிரிக்க வைத்தது அதே ஆலாதான். இப்போது திட்டில் இரண்டு பேர் இருந்தார்கள். தனியாக இருந்தபோது இல்லாத ஓர் அமைதியும் இருந்தது. அவன் மறுபடி தீச்சட்டியோடு பேசத் தொடங்கினான், குரலைத் தாழ்த்தி.

சடைச்சி வந்தாள். கூண்டைப் பார்த்தாள். எப்போதும் போலக் கேலி செய்ய வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள்.

“அண்ணே, இது பறியில்ல?”

“ஆமா.”

“நல்லாப் பின்னியிருக்கீங்க” என்றாள். அரிசியை வைத்துவிட்டுப் போய்விட்டாள். அவள் கேலி செய்யாமல் போனது அன்றுதான் முதல் தடவை.

ஐப்பசி கடைசியில் கடலில் ஒரு மாற்றம் தெரிந்தது. காற்று சுத்தமாக நின்றுபோயிற்று. ஆனாலும் எங்கோ தொலைவிலிருந்து நீள நீளமான அலைகள், ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் நிறைய இடைவெளி விட்டு, நிதானமாக வந்து திட்டில் மோதின. நண்டுகள் வளையை விட்டு மேட்டில் ஏறின. ஆலா கூண்டுக்குள் எழுந்து நின்றது.

“கூப்பிடுறான்” என்றது.

“யாரு?”

“உனக்குக் கேக்காது. எங்கேயோ பிறந்துட்டான். என்னைத் தேடுறான். எந்தப் பக்கம்னு இங்கேயிருந்து தெரியலை. என்னை விடு இருளப்பா, போய்ப் பார்த்துட்டு வந்து சொல்றேன்.”

“வருவியா?”

“இத்தனை வருசமா யாரு வந்தது?”

அவன் பிரம்பின்மேல் கையை வைத்தான். வைத்த கையை எடுத்துக்கொண்டான். “நாட்டார் வரட்டும், கேட்டுக்கிட்டு…” என்று இழுத்தான். தன் பயத்துக்கு நாட்டாரின் பெயரை வைத்துக்கொள்வது அவனுக்கு வசதியாக இருந்தது.

நாட்டார் வந்தார். கூண்டின்முன் குனிந்து, செவிடரிடம் கேட்பதுபோல உரக்கக் கேட்டார்.

“ஏம்மா, புயல் வருதா?”

“தெரியாது” என்றது ஆலா.

“இங்கே வருமா, வராதா? ஒண்ணைச் சொல்லு.”

“பிரம்புச் சந்துல எனக்கு வானம் ஒரு கை அகலம் தெரியுது. அதுல ஒண்ணுமில்லை. மிச்ச வானத்தைப் பத்தி எனக்குத் தெரியாது.”

நாட்டார் நிமிர்ந்தார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார்.

“வருதுன்னா வருதுன்னு சொல்லியிருக்கும். சொல்லலை. ‘ஒண்ணுமில்லை’ன்னு அதுவே சொல்லிருச்சு. அப்ப வரலைன்னுதானே அர்த்தம்?”

அப்படி அர்த்தம் இல்லை என்பது இருளப்பனுக்குத் தெரியும். அதைச் சொன்னால் அடுத்த வார்த்தையாக “அப்போ அதைத் திறந்துவிடு” என்பது வரும் என்பதும் தெரியும். அவன் சங்கை எடுக்கவில்லை. ஊரார் படகுகளைத் தள்ளினார்கள். சடைச்சியின் கணவன் போனான். அவள் தம்பி செம்பனும் போனான். போகும்போது செம்பன் திட்டைத் தாண்டுகையில் கையை ஆட்டி, “அண்ணே, விளக்கை நல்லாத் தூக்குங்க! போன தடவை உங்க விளக்குன்னு நெனச்சு நிலாவைப் பார்த்துத் துடுப்பு வலிச்சிட்டேன்!” என்று கத்தினான். படகுகளில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

மறுநாள் காலையில் வாடைக்காற்று எழுந்தது. அதுவரை எந்தப் புயலும் கொண்டல்துறைக்கு நேராக வந்ததில்லை. தயங்கித் தயங்கி, வளைந்து நெளிந்து, மனம் மாறி மாறித்தான் வருவான். இவன் நேராக வந்தான். அவனுக்கு இந்த முறை போகுமிடம் தெரிந்திருந்தது.

வடக்கிலிருந்து அடித்த காற்று முதலில் குடிசையின் ஓலையைக் கொண்டுபோயிற்று. பிறகு குடிசையைக் கொண்டுபோயிற்று. ஊரார் கிடங்குக்குள் ஓடினார்கள். திட்டின்மேல் தண்ணீர் ஏறியதால் இருளப்பனால் கரைக்குப் போக முடியவில்லை. அவன் கப்பிக் கயிற்றால் தன்னைக் கம்பத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டான். கூண்டைத் தன் நெஞ்சுக்கும் கம்பத்துக்கும் நடுவே இறுக்கிப் பிடித்துக்கொண்டான். மழை கிளிஞ்சல்போல முதுகில் அடித்தது. யாரோ உலகத்தையே கல்லெறிந்து விரட்டுவதுபோல இருந்தது. அவன் ஆலாவிடம் ஏதோ சொன்னான். என்ன சொன்னான் என்பது அவனுக்கே கேட்கவில்லை.

அப்புறம், கையால் வாயைப் பொத்தியதுபோல, எல்லாம் நின்றுவிட்டது.

இருளப்பன் கண்ணைத் திறந்தான். வெயில் அடித்தது. மேலே வட்டமாக நீல வானம் இருந்தது. சுற்றிலும், வடக்கிலும் தெற்கிலும் ஊருக்குப் பின்னாலும், மதில் கட்டியதுபோல மேகம் நின்றது. அவன் தாடியிலிருந்து சொட்டிய தண்ணீரின் ஓசை அவனுக்குக் கேட்டது. ஆலா சொன்ன இடம் இதுதான் என்று அவனுக்குப் புரிந்தது. வேறொருத்திக்காக விட்டுவைத்த இருக்கையில் தான் உட்கார்ந்திருப்பது அவனுக்கு வெட்கமாக இருந்தது.

கரைமேட்டில் கிடங்கின் கதவு திறந்தது. நாட்டார் வெளியே வந்து வானத்தைப் பார்த்தார். “முடிஞ்சிருச்சுப்பா! எல்லாரும் வாங்க!” என்று அறிவித்தார். ஆட்கள் வெளியே வரத் தொடங்கினார்கள். சிலர் விழுந்த கூரையைத் தூக்கப் போனார்கள்.

“உள்ளே போங்க!” இருளப்பன் தொண்டை கிழியக் கத்தினான். காற்றே இல்லாததால் அந்தக் குரல் ஊர்வரை போயிற்று. “இது நடு! பாதிதான் முடிஞ்சிருக்கு! மறுபாதி தெக்கேயிருந்து வரும்! உள்ளே போங்க!”

நாட்டாருக்கு முகம் சிவந்தது. இருந்தாலும் போனார். எல்லாரும் போனார்கள். சடைச்சி மட்டும் போகவில்லை. இடுப்பளவு தண்ணீரில் நடந்து, பாதி நீந்தி, திட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

“அண்ணே, அவங்க எங்கே? அந்தப் பறவையைக் கேளுங்க. அது சொல்லும்ல? கேளுங்க!”

அவன் பதில் சொல்லுமுன் மேகமதில் பேசியது. எந்தத் திசையிலிருந்து என்று சொல்ல முடியாதபடி, சுற்றிச் சுற்றி வந்த குரல்.

“அவ எங்கே?”

இருளப்பன் தன்னைக் கட்டியிருந்த கயிற்றைத் தளர்த்தினான். கூண்டைத் தூக்கிக் காட்டினான்.

“ஏன் அடைச்சு வச்சே?” என்று கேட்டான் புயல். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டான்.

“எனக்குப் பேச ஆளில்லை” என்றான் இருளப்பன்.

புயல், “எனக்கும்தான்” என்றான். “ஆனா நான் மேலே திறந்துதானே வச்சிருந்தேன்?”

சடைச்சி இருளப்பனின் இடுப்பிலிருந்த கத்தியை உருவி அவன் கையில் திணித்தாள்.

அவன் அழகாகப் பின்னிய பின்னல் சுலபத்தில் அறுபடவில்லை. நல்ல பின்னல் அது. ஒவ்வொரு பிரம்பாக அறுத்து, கூண்டின் விலாவில் ஒரு துளை போட்டான். கை கிழிந்தது. ஆலா துளை வழியாக வந்து, நனைந்த இறகை உதறி, அவன் தோளில் உட்கார்ந்தது. அது அவன் தோளில் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை.

“வழி வச்சா நீ போயிருவேன்னு நெனச்சேன்” என்றான் அவன்.

“வழி வச்சிருந்தா இதுதான் என் வீடுன்னு சொல்லியிருப்பேன்” என்றது ஆலா.

அப்புறம் அது சடைச்சியைப் பார்த்தது. “இவனைக் கிழக்கே கூட்டிக்கிட்டுப் போறேன். படகுகளைப் பார்த்தா ஒதுங்கிப் போகச் சொல்றேன். சொல்லத்தான் முடியும் தாயி, இவனுக்கு எல்லாம் கைக்கு அடங்காது.”

அது நேராக மேலே ஏறியது. நீல வட்டத்தின் நடுவில் ஒரு கறுப்புப் புள்ளியாகச் சிறுத்தது. சற்று நேரத்தில் மேகமதில் அசைந்தது. ஊரைத் தாண்டிப் போயிருக்க வேண்டியவன், வந்த வழியே பின்வாங்கினான். தெற்கிலிருந்து வரவேண்டிய மறுபாதிக் காற்று ஓரமாக ஒரு தட்டுத் தட்டிவிட்டு, கடலுக்குப் போயிற்று.

அன்று பொழுது சாய்வதற்குள் படகுகள் ஒவ்வொன்றாகக் கரை சேர்ந்தன. பாய் கிழிந்தவை, துடுப்பு இழந்தவை, ஒன்றையொன்று கட்டி இழுத்து வந்தவை. சடைச்சியின் கணவன் வந்தான். செம்பன் வரவில்லை.

இருளப்பன் அன்று தீச்சட்டியை ஏற்றினான். மறுநாள் பட்டப்பகலிலும் ஏற்றினான். எண்ணெய் தீரும்வரை இறக்கவில்லை. யாரும் அவனைத் திட்டவில்லை. புயல் வராததற்குத் திட்டிய ஊர், இதற்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை; நாட்டாரும் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார். சடைச்சி ஓதம் வடிந்ததும் வழக்கம்போல வந்தாள். அரிசியைக் கம்பத்தடியில் வைத்தாள். அவன் முகத்தைப் பார்க்காமல் போனாள். அந்த வருடம் முழுதும் அப்படித்தான் வந்து போனாள்.

ஆலா வரவில்லை.

அடுத்த ஐப்பசியில் காற்று நின்றது. நீள அலைகள் நிதானமாக வந்து மோதின. நண்டுகள் மேட்டில் ஏறின. இருளப்பன் கிழக்கே பார்த்தான். புயல் ஒவ்வொரு வருடமும் புதிதாகப் பிறக்கிறவன். பழையது எல்லாம் அவனுக்கு நினைவிருக்காது. நடுவில் ஓர் இடம் காலியாக இருப்பது மட்டும் தெரியும். அதில் உட்கார வேண்டியவளைக் கொண்டல்துறைக்காரன் ஒருவன் ஒருமுறை பிடித்துவைத்தான் என்பதும் எங்கோ உறைத்துக்கொண்டிருக்கும். அவள் போய்ச் சேருமுன் அவன் இங்கே தேடி வந்துவிட்டால்?

நாட்டார் சேற்றில் நடந்து வந்தார். இந்த முறை கட்டளை எதுவும் கொண்டுவரவில்லை.

“என்ன செய்யலாம் இருளப்பா?”

இருளப்பன் புயலுக்குப் பிறகு புதிதாகக் கட்டிய குடிசைக்குள் போய், மூலையில் கிடந்த கூண்டை எடுத்து வந்தான். விலாவில் போட்ட துளையை அவன் தைத்திருக்கவில்லை. தீச்சட்டியைக் கயிற்றிலிருந்து அவிழ்த்து வைத்தான். கூண்டைக் கட்டினான். கயிற்றை இழுத்தான். வெறுங்கூண்டு ஆடி ஆடி மேலே ஏறி, குறுக்குக்கட்டையில் முட்டி நின்றது. அதன் வழியாக வானம் தெரிந்தது.

“எதுக்கு இது?”

“அவ இங்கே இல்லைன்னு அவன் பார்த்துக்கட்டும்.”

ஊராரும் பார்த்தார்கள். யாரும் சங்குக்குக் காத்திருக்கவில்லை. படகுகளை மேட்டில் ஏற்றிவிட்டுக் கிடங்குக்குப் போனார்கள். புயல் கிடங்கின் சன்னலிலிருந்து கண்ணுக்கு எட்டும் தூரம்வரை வந்தான். நின்றான். வெகுநேரம் கூண்டையே பார்த்துக்கொண்டிருந்தான் என்று சொல்கிறார்கள். பிறகு வடக்கே திரும்பிப் போய்விட்டான். வடக்குக் கரைக்காரர்களுக்கு அதில் வருத்தம் உண்டு; அது வேறு கதை.

புயல் போன பிறகு சடைச்சி அரிசியோடு வந்தாள். கூண்டை நிமிர்ந்து பார்த்தாள்.

“அந்த ஓட்டையைத் தைக்கலையா?” என்று கேட்டாள். ஒரு வருடத்தில் அவள் பேசிய முதல் பேச்சு.

“தைக்கலை.”

“ஆளில்லைன்னு காட்டத்தானே? அதுக்கு ஓட்டை எதுக்கு? சும்மா தூக்கினாலே தெரியுமே.”

இருளப்பன் கயிற்றின் முடிச்சை இழுத்துப் பார்த்தான். அது ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது.

“அவளும் பார்ப்பாள்ல” என்றான்.

ஓதம் ஏறத் தொடங்கியிருந்தது. சடைச்சி உடனே கிளம்பாமல், கம்பத்தில் சாய்ந்து சற்று நேரம் நின்றுவிட்டுப் போனாள்.

இப்போது விண்ணிலிருந்தே புயலைப் படம் பிடிக்கிறார்கள். படத்தின் நடுவே அந்தக் காலியிடம் வட்டமாகத் தெளிவாகத் தெரிகிறது. அதைக் குறிவைத்துத்தான் புயல் போகும் வழியைக் கணக்கிடுகிறார்கள். கணக்கு தவறினால் யாரையாவது திட்டுகிறோம். கூண்டுகளுக்கு ஒன்று, இரண்டு என்று எண் போட்டது பிற்காலத்தவர் வேலை. அவர்களுக்கு எண் போடாமல் தூக்கம் வராது. கூண்டில் எதையாவது வைக்க வேண்டும் என்று மட்டும் அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கடலில் எங்கோ ஒரு புயல் பிறந்து யாரையோ தேடத் தொடங்கியதும், துறைமுகத்துக் கம்பத்தில் ஒரு வெறுங்கூண்டை ஏற்றிவிட்டு ஊர் கதவைச் சாத்திக்கொண்டு காத்திருப்பது அன்று முதல்தான்.